நங்கூரப் பூதத்துக்கு எத்தனை சங்கிலி

பஹ்மியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவனை ஏசித்தான் தொடங்கவேண்டும். நல்லவன், தங்கமானவன் என்பதெல்லாம் பிறகு. என்னை அந்தப் பூதத்திடம் சாகவிட்டவன் அவன். ஒரு தரமா, இரண்டு தரமா! ஐம்பதைத் தாண்டிய மனுசி, சொந்தக் கடை நடத்துகிறவள், வந்த சனம் பார்த்துக்கொண்டு நிற்க, "ஐயோ, திரும்பவும் செத்துப்போனன்" என்று மேசையில் அடித்துக் கத்தியிருக்கிறேன். அந்த வெட்கத்துக்கு அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

என் பெயர் தயாளினி. திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கமாக, ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி அடிப்பேன், அடையாள அட்டைக்கு லமினேற் போடுவேன், புத்தகம் கட்டுவேன். பிழையாக அடிபட்ட தாள்களை வெளியே வைத்தால் வீதியில் திரியும் மான்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். பஹ்மி கிண்ணியாக்காரன், பள்ளிக்கூட வேன் ஓடுகிறவன். காலையில் பாலத்தைக் கடந்து வந்து பிள்ளைகளை இறக்கினால், மத்தியானம் பள்ளி விடும்வரை அவனுக்கு வேலை இல்லை. மற்ற வேன்காரர்கள் சீட்டைச் சாய்த்துப்போட்டுக் குறட்டை விடுவார்கள். இவன் ஸ்டியரிங்கின் மேல் ஒரு பலகையை வைத்து எழுதுவான். டீசலுக்கு வரிசையில் காய்ந்த அந்தக் கெட்ட காலத்தில் பிடித்த பழக்கம். நாடே வரிசையில் நின்று சபித்துக்கொண்டிருக்க, இவன் வேனுக்குள் இருந்து கடலுக்கடியில் பூதம் வளர்த்திருக்கிறான்.

அவன் எழுதுவது சும்மா கதை இல்லை. வாசிக்கிறவரே உள்ளே இறங்கிப் போகிற விளையாட்டுக் கதை. "இடப்பக்கக் குகைக்குள் நுழைகிறாயா, 34ஆம் பக்கத்துக்குப் போ. திருக்கையோடு கதைத்துப் பார்க்கிறாயா, 51ஆம் பக்கத்துக்குப் போ" என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும். வழியில் சண்டை வரும். வென்றால் மேலே போகலாம். தோற்றால் "நீ இறந்துவிட்டாய்" என்று ஈவிரக்கம் இல்லாமல் எழுதிவைத்திருப்பான்.

முதல் புத்தகத்தில் சண்டைக்குத் தாயக்கட்டை வைத்திருந்தான். உருட்டி விழுகிற எண்ணைப் பார்த்து அடி. புத்தகம் கிண்ணியாவுக்குப் போன கையோடு, வேனில் வரும் ஒரு பிள்ளையின் தகப்பன் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். "தம்பி, கதை நல்லம். ஆனா இந்தக் காய் உருட்டுற வேல எங்கட ஊட்டுக்குச் சரிவராது. பிள்ளைகளுக்குச் சூது பழக்கின மாதிரி ஆயிடும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பஹ்மி அவரோடு என்னத்தைத் தர்க்கிப்பது? அவனுடைய பெண்சாதி ஷிஃபானாவே தாயக்கட்டை வாசல்படி தாண்டக்கூடாது என்றவள். வீடும் அவளுடையது, அந்தப் பக்கம் பெண்ணின் சீதன வீட்டுக்கு மாப்பிள்ளைதான் போய் இருப்பது. ஆகவே தாயக்கட்டை இரண்டும் வேனுக்குள்ளேயே உருண்டு திரிந்தன. நான் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. காய் உருட்டுகிற வீட்டில் மூதேவி வந்து குந்துவாள் என்று என் அம்மாவும் சொல்லுகிறவதான்.

இரண்டாவது புத்தகத்துக்கு அவன் வேறு வழி கண்டுபிடித்தான். தாயக்கட்டை வேண்டாம், புத்தகமே போதும். அடிக்கிற நேரம் புத்தகத்தை மூடி, கண்ணையும் மூடி, எங்கேயாவது திறக்கவேண்டும். வலப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்கவேண்டும். வலப்பக்கம் எப்போதும் ஒற்றை எண்தானே. ஒன்றோ மூன்றோ வந்தால் பூதம் உனக்கு அடிக்கும். ஏழோ ஒன்பதோ வந்தால் நீ பூதத்துக்கு அடிப்பாய். ஐந்து வந்தால் இரண்டு பேரும் ஆளையாள் முறைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

"பிஸ்மி சொல்லித் திறக்கணும் அக்கா. நீங்க உங்கட பிள்ளையாரக் கும்பிட்டுத் திறங்க" என்றான்.

"ஏன், இது மட்டும் சூதில்லையோ?"

"பக்கம் திறக்கிறது வாசிப்பு அக்கா. வாசிக்கிறதுக்கு ஆரு ஏசுவாங்க?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்தத் தகப்பனும் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டாராம்.

கதை இதுதான். நீ கடலில் மூழ்கி இறங்கும் ஒரு சுழியோடி. துறைமுகத்தின் அடியில் ஒரு பழைய பட்டணம் இருக்கிறது. அங்கே அணையாத விளக்கு ஒன்று எரிகிறது. அதற்குக் காவல் நங்கூரப் பூதம். நூற்றுக்கணக்கான வருசமாகக் கப்பல்கள் தொலைத்த நங்கூரங்களையெல்லாம் தின்று கொழுத்தது அது. உன்னிடம் ஐந்து மூச்சு இருக்கும். பூதத்தின் உடம்பில் ஐந்து சங்கிலி சுற்றியிருக்கும். அது அடித்தால் உனக்கு ஒரு மூச்சுப் போகும். நீ அடித்தால் அதற்கு ஒரு சங்கிலி அறும். ஆருக்கு முதலில் முடிகிறதோ அவர் செத்தார்.

ஐந்துக்கு ஐந்து சரியா என்பதுதான் பஹ்மியின் தலையிடி. "பத்துப் பேரு இறங்கினா நாலு பேரு மேல வரணும் அக்கா" என்பான். "பத்துப் பேரும் வந்தா அது பூதம் இல்ல, பூசணிக்காய். ஒருத்தரும் வராட்டி அது புத்தகம் இல்ல, பாழ்கிணறு."

அந்த நாலு பேர் கணக்கைப் பார்க்க அவனுக்குக் கிடைத்த ஆள் ஷிஃபானா. விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்துக் கிண்ணியாவில் உள்ள தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். எழுத்தும் கதையும் சோறு போடாது, அந்த நேரத்துக்கு வேன் கண்ணாடியைத் துடைத்தாலும் பிரயோசனம் என்று அவனுக்கு வாய்க்கு வாய் சொல்லுகிறவள். அப்படிப்பட்டவளிடம், இந்த இரண்டாவது புத்தகத்தில் நான் கட்டிய முதல் பிரதியைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் வேனை நிறுத்திய உடனே கேட்பானாம்: "வெண்டீங்களா? எத்தின மூச்சு மிச்சம்?"

முதலில் அவள் தோற்றாள். பிறகு வெல்லத் தொடங்கினாள். பிறகு ஒவ்வொரு முறையும் வென்றாள். "வெண்டுட்டன். அஞ்சு மூச்சும் அப்படியே இருக்கு." இவன் பென்சிலை எடுத்து அவளுடைய புத்தகத்தில் ஐந்து சங்கிலியை வெட்டி ஆறு ஆக்கினான். வென்றாள். ஏழு ஆக்கினான். வென்றாள். ஒன்பதாக்கினான். "வெண்டுட்டன். மூச்சுக் குறையல்ல."

"என்ட பூதம் பூசணிக்காய்தான் அக்கா" என்று கடையில் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சரி, ஒன்பது சங்கிலியோடே கொஞ்சக் கொப்பி அடித்து வேன் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்றேன். எனக்கும் ஒன்று எடுத்துவைத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

பிள்ளைகள் எல்லாம் செத்தார்கள். ஒருவர் மிச்சமில்லை. பாலத்தில் வேன் போகும்போது உள்ளே ஒரே ஒப்பாரியாம். "அங்கிள், இந்தப் பூதத்துக்கு அடிக்க ஏலாது" என்று ஒன்று அழ, "பூதத்துக்கு ஏதாவது குடுத்துச் சமாளிக்க ஏலாதா அங்கிள்?" என்று இன்னொன்று கேட்டதாம். நான் செத்த கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன், திரும்பக் கேட்காதீர்கள்.

"ஷிஃபானா மூச்சு வாங்காம வெல்றா. நீங்க என்ன அக்கா!" என்றான் பஹ்மி.

எனக்கு வந்ததே கோபம். "அப்ப நீர் இருந்து வெண்டு காட்டும்!" என்று புத்தகத்தைத் தூக்கி அவன் மடியில் போட்டேன். இருந்தான், கண்ணை மூடினான், திறந்தான். தான் வளர்த்த பூதத்திடம் தானே செத்தான். திரும்பவும் விளையாடினான், திரும்பவும் செத்தான்.  புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். நான் வென்றமாதிரித்தான் சிரித்தேன். அவன் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தநாள் காலையில் அவன் வேனை விட்டு இறங்கவே இல்லை. நான்தான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன தம்பி, சுகமில்லையோ?"

"ராத்திரி ஷிஃபானாவக் கள்ளவிளையாட்டு எண்டு சொல்லிட்டன் அக்கா."

கேட்டதும் எனக்குத் தேத்தண்ணியை அவன் தலையில் ஊற்றலாமா என்றிருந்தது. பெண்சாதியை எப்போதும் 'நீங்க' போட்டுக் கதைக்கிற ஆள் அவன். நேற்று மட்டும், "நீ கண்ணத் திறந்துகொண்டுதானே திறக்கிற?" என்று கேட்டிருக்கிறான். நீ! அவள், "நான் கள்ளியெண்டா கள்ளியாவே இருந்திட்டுப் போறன்" என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டாளாம். அவ்வளவுதான், அவனோடு கதை இல்லை. இடியப்பம் வந்தது, சம்பல் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. காலையில் மகள் அசனாவிடம், "வாப்பாட்ட சொல்லு, தேத்தண்ணி வெச்சிருக்கு" என்றாளாம். அசனா எழும்பமுன் கேத்தலைப் பார்த்துச் சொன்னாளாம்.

"மன்னிப்புக் கேளும். ஒரு சொல்லு. வாய் தேஞ்சுபோகாது."

"கேக்கத்தான் விருப்பம் அக்கா. ஆனா எதுக்குக் கேக்கிற? இத்தின வருசத்தில ஒரு பொய் சொன்ன மனுசி இல்ல அது. அப்ப என்ட கணக்குப் பிழைக்கணும். கணக்கும் பிழைக்கல்ல, நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்திட்டன். பிழை எங்கயெண்டு தெரியாம மன்னிப்புக் கேட்டா, உள்ளுக்குள்ள இன்னும் சந்தேகப்பட்டுக்கொண்டுதானே கேக்கிறன்? அதக் கண்டுபிடிச்சிடுவா."

அவன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நூலகத்தில் வாசிப்பு மாதத்துக்குப் புத்தக மேசை போடுகிறார்கள். இவனுக்கும் ஒரு மூலை கொடுத்திருந்தார்கள். நான் முப்பது புத்தகம் கட்டவேண்டும். ஒவ்வொரு காலையும் கடைக்கதவைத் திறந்ததும், "பூதத்துக்கு எத்தனை சங்கிலி?" என்று கேட்பேன். "தெரியா அக்கா" என்பான். ஆள் மெலிந்துபோனான். வேனை நிறுத்திவிட்டு எழுதாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல் ஒன்று வந்து துறைமுகத்துக்குள் திரும்புவதை வாய் பார்த்துக்கொண்டிருக்கிற வயதா அவனுக்கு? இது பூதத்தின் சண்டை இல்லை, குடும்பச் சண்டை, அது தீராமல் புத்தகமும் தீராது என்று எனக்கு விளங்கிவிட்டது.

சனிக்கிழமை காலையில் கடையைத் திறக்காமலே கிண்ணியா பஸ் ஏறினேன். அவனைக் கேட்கவும் இல்லை, அவனுக்குச் சொல்லவும் இல்லை.

நான் போன நேரம் அவன் முற்றத்தில் வேன் கழுவிக்கொண்டிருந்தான். கண்டுகொள்ளாமல் நேரே குசினிக்குப் போனேன். ஷிஃபானா கடைசி ஈடு இடியப்பத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். அடுப்பில் ஆவி பறந்தது. என்னைக் கண்டதும், "வாங்கக்கா" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். முகம் மட்டும் வாடிப்போய் இருந்தது.

"நான் ஆருக்கும் பரிஞ்சு கதைக்க வரேல்ல பிள்ளை" என்றேன். "அந்தப் பூதம் என்னையும் கொன்ற பூதம். நீங்க வெல்லுறத என்ட கண்ணால பாக்கவேணும். ஒருக்கா விளையாடிக் காட்டுங்கோ."

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்துத் தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். சங்கிலிக்கென்று ஒன்பது கடலையை எண்ணி மேசையில் வைத்தாள். புத்தகத்தை மூடினாள். கண்ணை இறுக்கி மூடினாள். நான் குனிந்து பார்த்தேன், ஒரு பொட்டு இடைவெளி இல்லை. பிஸ்மி சொன்னாள். திறந்தாள்.

119. ஒன்பது. பூதத்துக்கு அடி. ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள்.

மூடினாள், திறந்தாள். 119. இன்னொரு கடலை.

மூடினாள், திறந்தாள். 119.

"நில்லும் பிள்ளை, நில்லும்" என்று புத்தகத்தைப் பறித்தேன். நான் கட்டிய புத்தகம், எனக்குத் தெரியாதா? முதுகில் ஓர் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு, மேலிருந்து கீழ்வரை. அங்கே பசை விட்டுப்போய், சும்மா கையில் பிடித்தாலே புத்தகம் அந்தப் பக்கத்தில் வாயைப் பிளந்தது. பூதத்தின் சண்டை இருக்கிற பக்கமும் அதுதான்.

"ஒவ்வொரு முறையும் இதே பக்கம்தானா திறக்குது?"

"ஓம். அது அப்படித்தானேக்கா."

"அப்படித்தானே எண்டா?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அவருதானே எனக்கெண்டு அப்படிக் கட்டுவிச்சுத் தந்தாரு. தரக்குள்ளயே, 'இது உங்களுக்கெண்டே கட்டினது' எண்டாரு. முதல்ல நானும் தோத்தன். பிறகு பாத்தா வெல்றன், வெல்றன், வெண்டுகொண்டே இருக்கன். பொண்டாட்டி தோக்கப்படாதெண்டு மனிசன் உள்ளுக்கு ஏதோ வேல பாத்திருக்காரு எண்டு நெனச்சன். சரியான சந்தோசமா இருந்திச்சுக்கா. கடைசியில, தந்த மனிசனே வந்து கள்ளி எண்டுட்டாரு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அட பிள்ளை, இதை அவரிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"செஞ்சவருக்கு நான் என்னத்தச் சொல்ற? தெரிஞ்சுகொண்டே கேக்கிறாரு எண்டுதான் நெஞ்சு எரிஞ்சிச்சு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யன்னலால் எட்டி, "இஞ்ச வாரும் ஐயா, பூதத்தின்ர வாப்பா!" என்று கூப்பிட்டேன். பஹ்மி ஈரக்கையோடு ஓடிவந்தான். புத்தகத்தை அவனிடம் கொடுத்து, கண்ணை மூடித் திறக்கச் சொன்னேன். 119. திரும்பத் திறக்கச் சொன்னேன். 119. மூன்றாம் முறை நான் சொல்லாமலே திறந்து பார்த்தான். பிறகு கதிரையில் இருந்துவிட்டான்.

"அக்கா, நீங்க இத எப்படிக் கட்டின?"

"மற்றதுகளைக் கட்டினமாதிரித்தான் கட்டினன். என்ட கட்டைக் குறை சொல்லாதையும்! அடுப்படியில வச்சா ஆவிக்குப் பசை இளகும்தான், அது ஓம். ஆனா ஆவி முழுப் புத்தகத்துக்கும்தானே படும்? ஒரே ஒரு பக்கத்தில இப்படி விடுகிறதெண்டா, அந்தப் பக்கத்தை ஆரோ நாள் தவறாமல் விரிச்சு வச்சிருக்கவேணும். கள்ளவிளையாட்டு இல்லை. இவ அளவுக்கு மிஞ்சி வாசிச்சிருக்கிறா, அவ்வளவுதான்."

பஹ்மி ஷிஃபானாவைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றான். அந்த 'நீங்க' திரும்பி வந்துவிட்டது. "நான் மொக்கன். சொல்லக்கூடாததச் சொல்லிட்டன். எத்தின தரம் வாசிச்சீங்க இத?"

"எண்ணிக்கொண்டா இருந்தன்? ஒவ்வொரு நாளும் மா அவியிற நேரம். காலையில ஒருத்தனுக்கு நாலு சாத்துச் சாத்தினாத்தான் எனக்கு வேல ஓடும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பஹ்மியும் சிரித்தான், சிரித்துக்கொண்டே அந்த மடையன் விரல் மடக்கிக் கணக்குப் போடத் தொடங்கினான். "அப்ப இவங்கட வெற்றியத் தள்ளிப்போட்டுப் பாத்தா, ஆறு சங்கிலிதான் அக்கா சரி. பத்துக்கு நாலு வரும்."

"இப்ப இதுவா முக்கியம்?" என்று அதட்டினேன். ஆனால் அந்த ஆறு சரியாகத்தான் இருந்தது. முப்பது புத்தகமும் ஆறு சங்கிலியோடு, நல்ல தடித்த பசை போட்டுக் கட்டிக்கொடுத்தேன். நூலகத்து மேசையில் பிள்ளைகள் செத்தும் பிழைத்தும் கூச்சல் போட்டார்கள். நானும் ஒரு தரம் வென்றேன், அதை ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

அன்று குசினியில் மிச்சம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு முடிந்ததும் பஹ்மி ஷிஃபானாவின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். "இது சரிவராது. புதுசொண்டு கட்டித் தாறன், இதத் தாங்க" என்று எழும்பினான். அவள் சட்டென்று அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இதில ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்றாள்.  பிறகு, "இவ்வளவு நாளும் வெண்டீங்களா, எத்தின மூச்சு மிச்சம், இதத்தான் கேட்டீங்க. கதை நல்லமா இல்லையா எண்டு ஒரு நாளும் என்னைக் கேக்கல்லயே?" என்றாள்.

 பஹ்மியின் காதிரண்டும் சிவந்துபோயின. நான் எது சொன்னாலும் மறுமொழி வைத்திருக்கிறவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைமாதிரி நின்றான்.

"நல்லமா?" என்று கேட்டான்.

ஷிஃபானா தட்டை அடுப்பில் ஏற்றி மூடியைப் போட்டாள். புத்தகத்தை எடுத்து விரித்து, முறிந்த முதுகை அவன் பக்கம் காட்டினாள்.

"நல்லமில்லாட்டி முதுகு முறியுமா?"